வாசகர் கேள்வி – பதில்: கணித மேதை சோஃபி ஜெர்மேன்

பகா எண்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பதிலில் "சோஃபி ஜெர்மேன் பகா எண்" என்ற பெயர் இடையில் வந்திருந்தது. ஒரு பகா எண்ணை இரட்டித்து ஒன்றைக் கூட்டும்போது கிடைப்பதும் பகா எண்ணாகவே இருந்தால், முதலில் எடுத்துக்கொண்ட எண்ணுக்கு அந்தப் பெயர். 2, 3, 5, 11, 23, 29 என்று அந்த வரிசை தொடங்குகிறது. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டு ஏராளமான கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தப் பிரெஞ்சுக் கணித மேதைக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பெண்களுக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டிருந்த காலத்தில் சோஃபி ஜெர்மேன் கணிதத்தை எப்படிக் கற்றுக்கொண்டார்? (கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி)

பதில்: சோஃபி ஜெர்மேன் 1776ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை வசதி படைத்த பட்டு வணிகர். 1789இல் கூடிய பிரான்சின் பொதுமன்றத்துக்கு, பிரபுக்களும் மதகுருமாரும் அல்லாத மூன்றாம் பிரிவினரின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். புரட்சி வெடித்த அந்த ஆண்டில் சோஃபிக்கு வயது 13. தெருவெல்லாம் கலவரமாக இருந்ததால் வீட்டிலேயே அடைபட்டிருந்த அந்தச் சிறுமிக்குத் தந்தையின் நூலகமே துணையாயிற்று. அங்கே மோந்துக்ளா எழுதிய கணித வரலாற்று நூலைப் படித்தபோது, சிராகூஸ் நகரம் வீழ்ந்த வேளையிலும் ஒரு வடிவியல் கணக்கில் மூழ்கியிருந்த ஆர்க்கிமிடீஸ், ரோமானியப் படைவீரன் கையால் மாண்ட வரலாறு அவர் கண்ணில் பட்டது. உயிருக்கு ஆபத்து வந்த நேரத்திலும் ஒரு மனிதரை இப்படிக் கட்டிப்போடக்கூடிய படிப்பு எதுவோ, அதைத் தானும் கற்றுவிட வேண்டும் என்ற எண்ணம் அன்றே அவருக்குள் வேரூன்றிவிட்டது.

பெற்றோருக்கு இதில் விருப்பம் இல்லை. இரவில் அவர் படிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக அறையில் நெருப்பு மூட்டாமலும், மெழுகுவர்த்தியையும் உடைகளையும் எடுத்துச் சென்றும் பார்த்தார்கள். அவரோ ஒளித்து வைத்திருந்த விளக்கை ஏற்றிக்கொண்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, மைக்கூட்டில் மை உறைந்து போகும் குளிரிலும் கணக்குப் போட்டார். அவரை நன்கு அறிந்த கணித அறிஞர் லிப்ரி எழுதிய இரங்கல் குறிப்பின் வழியாக நமக்குக் கிடைக்கும் செய்தி இது. இறுதியில் பெற்றோர் இறங்கி வந்தார்கள். பிற்காலத்தில் மகளுக்கு வாழ்நாள் முழுவதும் பொருளுதவி செய்தவரும் அதே தந்தைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நியூட்டன், ஆய்லர் ஆகியோரின் நூல்களைப் படிப்பதற்காக இலத்தீன் மொழியையும் அவர் தாமாகவே கற்றார்.

1794இல் பாரிசில் எக்கோல் பொலிடெக்னிக் என்னும் புகழ்பெற்ற கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டபோது அவருக்கு வயது 18. பெண்களுக்கு அங்கே இடமில்லை. ஆனால் பேராசிரியர்களின் விரிவுரைக் குறிப்புகள் வெளியே கிடைத்தன; மாணவர்கள் தங்கள் கருத்துகளை எழுத்தில் ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. இந்த வழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டு, லெபிளான் என்ற ஆண் பெயரில் அவர் லாக்ராஞ்ஜுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். ஐரோப்பாவின் முதல் வரிசைக் கணித அறிஞராக இருந்த லாக்ராஞ்ஜ் அதன் தரத்தைப் பாராட்டியதோடு, எழுதியவர் ஒரு பெண் என்று தெரிந்த பிறகும் மதிப்பைக் குறைத்துக்கொள்ளாமல் நேரில் வந்து ஊக்கப்படுத்தினார்.

எல்லோரும் வியந்து சொல்லும் பகுதி இதுவரைதான். ஆனால் இங்கே ஒரு பெரிய குறை இருக்கிறது. பாராட்டு கிடைத்ததே தவிர, ஒழுங்கான பாடத்திட்டமோ, தவறு செய்த அன்றே திருத்தும் ஆசிரியரோ, உடன் அமர்ந்து வாதிடும் சக மாணவர்களோ அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவருடைய சாதனைகளை மட்டுமன்றி, பிழைகளையும் இந்தக் குறையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: காஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதையின் உயிரைச் சோஃபி காப்பாற்றினார் என்று படித்தேன். இது உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: உயிரைக் காப்பாற்றினார் என்பது மிகைதான், காஸின் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்தார் என்பது உண்மை. 1801இல் காஸ் வெளியிட்ட எண் கோட்பாட்டு நூல் அந்தத் துறையையே மாற்றியமைத்த நூல். அதை ஆழ்ந்து படித்த சோஃபி, 1804 நவம்பரில் மீண்டும் அதே லெபிளான் பெயரில் அவருக்குக் கடிதம் எழுதித் தம் ஆய்வுகளை அனுப்பினார். கடிதப் போக்குவரத்து தொடர்ந்துகொண்டிருந்த நிலையில், 1806இல் நெப்போலியனின் படைகள் பிரஷ்யாவை முறியடித்து, காஸ் வாழ்ந்த பிரவுன்ஷ்வைக் நகரையும் பிடித்துக்கொண்டன. ஆர்க்கிமிடீசுக்கு நேர்ந்த கதி காஸுக்கும் நேர்ந்துவிடுமோ என்று அஞ்சிய சோஃபி, குடும்ப நண்பரான பெர்னெத்தி என்ற படைத்தளபதிக்கு எழுதினார். அவர் ஓர் அதிகாரியை அனுப்பி, காஸ் நலமாக இருக்கிறாரா என்று விசாரிக்கச் செய்தார். வந்த அதிகாரி சோஃபி ஜெர்மேனின் பெயரைச் சொன்னபோது, அப்படி ஒருவரைத் தமக்குத் தெரியாது என்று காஸ் குழம்பினார். அதன் பிறகு, லெபிளான் தாமே என்பதை 1807 பிப்ரவரியில் சோஃபி எழுதித் தெரிவித்தார்.

அதற்குக் காஸ் எழுதிய பதில் கடிதம் 1807 ஏப்ரல் 30ஆம் நாளிட்டது. அன்று அவருடைய பிறந்தநாள். கடிதத்திலேயே அதைக் குறிப்பிட்டிருக்கிறார். வழக்கங்களும் தப்பெண்ணங்களும் ஆண்களைவிடப் பெண்களுக்கு எத்தனையோ மடங்கு தடைகளை எழுப்பியிருக்க, அவற்றை மீறி எண்களின் மறைவான பகுதிகளுக்குள் ஒரு பெண் நுழைந்திருக்கிறார் என்றால் அவருக்கு மிக உயர்ந்த துணிவும் அரிய மேதைமையும் இருக்க வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். பலரும் மேற்கோள் காட்டும் பகுதி அது. எனக்கோ அதைவிட முக்கியமாகப் படுவது, அதே கடிதத்தில் சோஃபியின் ஒரு பிழையைக் காஸ் சுட்டிக்காட்டியிருப்பதுதான். இரண்டு எண்களின் ஒரே அடுக்குகளைக் கூட்டி வரும் தொகை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் அமைந்தால், அந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகையும் அதே வடிவத்தில் அமையும் என்று சோஃபி எழுதியிருந்தார். காஸ் 15, 8 ஆகிய எண்களை எடுத்துக்கொண்டார். அவற்றின் 11ஆம் அடுக்குகளின் கூட்டுத்தொகையை, ஒரு வர்க்க எண்ணோடு மற்றொரு வர்க்க எண்ணின் 11 மடங்கைக் கூட்டியதாக எழுத முடியும். 15உடன் 8ஐக் கூட்டி வரும் 23ஐ அப்படி எழுத முடியாது. 23இலிருந்து 11ஐக் கழித்தால் 12 வரும், அது வர்க்க எண் அன்று. கழிக்காமல் விட்டாலும் 23 வர்க்க எண் அன்று. ஒரே ஓர் எடுத்துக்காட்டில் கூற்று விழுந்துவிட்டது. சோஃபிக்கு மிகவும் தேவைப்பட்டது இந்த வகையான பதில்தான்: பாராட்டோடு நின்றுவிடாமல், சமமான ஒருவரிடம் பேசுவதைப் போலப் பிழையைப் பிழை என்று சொல்லும் பதில். 1808க்குப் பிறகு காஸ் வானியல் பணிகளில் முழுமையாக ஈடுபட்டதால் அதுவும் நின்றுபோயிற்று. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை.

கேள்வி: அவர் வென்ற பரிசு எதற்காக வழங்கப்பட்டது? (ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: அதிரும் தகடுகளைப் பற்றிய ஆய்வுக்காக. ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி, ஓர் உலோகத் தகட்டின் மீது மெல்லிய மணலைத் தூவி, அதன் விளிம்பில் வயலின் வில்லை இழுத்துக் காட்டுவார். தகடு ஒலிக்கத் தொடங்கியதும் மணல் துள்ளி ஓடி, அதிர்வே இல்லாத கோடுகளில் போய்ச் சேர்ந்து, நட்சத்திரம் போலவும் கட்டங்கள் போலவும் அழகான உருவங்களாக நிற்கும். வில்லின் இழுப்பையும் தகட்டைப் பிடிக்கும் இடத்தையும் மாற்றினால் உருவமும் மாறும். கிளாட்னி 1808இல் பாரிசுக்கு வந்து இதை நிகழ்த்தியபோது நெப்போலியனே பார்த்து வியந்து, இதற்குக் கணித விளக்கம் தருவோருக்குப் பிரான்சின் அறிவியல் கழகத்தின் வழியாகப் பரிசு அறிவிக்கச் செய்தார். பரிசு 3000 பிராங்க் மதிப்புள்ள தங்கப் பதக்கம். கெடு 1811 அக்டோபர்.

தேவையான கணிதமே இன்னும் உருவாகவில்லை என்று லாக்ராஞ்ஜ் கருதியதால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். போட்டிக்கு வந்தது சோஃபியின் கட்டுரை ஒன்று மட்டுமே. தகட்டின் ஒவ்வொரு புள்ளியிலும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு முதன்மைத் திசைகளில் அது எவ்வளவு வளைகிறது என்பதை எடுத்து, அந்த இரண்டு வளைவுகளின் கூட்டுத்தொகைக்கு ஏற்பத் தகடு தன் பழைய நிலைக்குத் திரும்ப முயலும் என்று அவர் அனுமானித்தார். அந்தக் கருத்து சரியான திசையில் இருந்தது. ஆனால் அதிலிருந்து சமன்பாட்டை வருவிக்கும் இடத்தில் அவர் வழி தவறிவிட்டார். இரட்டைத் தொகையீடுகளைக் கையாளும் அந்த உத்தியை அவருக்கு யாரும் முறையாகக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. நடுவர்களுள் ஒருவரான லாக்ராஞ்ஜ் அதே அனுமானத்தை வைத்துக்கொண்டு சரியான சமன்பாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கெடு நீட்டிக்கப்பட்டது, 1813இல் இரண்டாம் முறை எழுதியபோது, அந்தச் சமன்பாடு கிளாட்னியின் பல உருவங்களோடு பொருந்துவதைக் காட்டி, பாராட்டுக் குறிப்பு பெற்றார். மூன்றாம் முறை எழுதிய கட்டுரைக்கே, 1816 ஜனவரி 8ஆம் நாள், பரிசு வழங்கப்பட்டது. அதிலும் நிறுவல் முழுமையாக இல்லை என்று நடுவர்கள் குறை கூறியிருந்தார்கள். பரிசளிப்பைக் காணக் கூட்டம் கூடியிருந்தும் அவர் வரவில்லை.

இந்த வரலாற்றில் கணித அறிஞர் புவாசோனின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே கழகத்தின் உறுப்பினராகிவிட்ட அவர், தாம் போட்டியிட முடியாத நிலையிலும், 1814இல் அதே பொருளில் மூலக்கூறுகளை அடிப்படையாகக் கொண்ட தம் கட்டுரையைக் கழகத்தின் முன் வைத்தார். 1825இல் சோஃபி இதே துறையில் மேலும் ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சமர்ப்பித்தபோது, அதைப் பரிசீலிக்க அமைக்கப்பட்ட குழுவில் புவாசோன், லாப்லாஸ், புரோனி ஆகியோர் இருந்தார்கள். பதிலே வரவில்லை. புரோனியின் காகிதங்களிடையே கிடந்த அந்தக் கட்டுரை 1880இல்தான் அச்சேறியது. நிராகரித்திருந்தால்கூடக் காரணம் தெரிந்திருக்கும், திருத்திக்கொள்ள வழி பிறந்திருக்கும். பேசாமல் விடுவது அதைவிடக் கொடிது. தகடுகளின் விளிம்புகளில் பொருந்த வேண்டிய நிபந்தனைகளைச் சரியாக வகுத்து அந்தக் கோட்பாட்டை நிலைநிறுத்தியவர் கிர்ச்சாஃப்; அது 1850இல் நடந்தது.

கேள்வி: ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தில் சோஃபி செய்தது என்ன? எளிமையாக விளக்க இயலுமா? (பொறியாளர், கோயம்புத்தூர்)

பதில்: அவருடைய மிகச் சிறந்த பணி இதுதான் என்பது என் கருத்து, ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஓர் எண்ணின் n அடுக்கோடு மற்றோர் எண்ணின் n அடுக்கைக் கூட்டினால் மூன்றாவது எண் ஒன்றின் n அடுக்கு கிடைக்குமா? n இரண்டாக இருந்தால் கிடைக்கும். 9உடன் 16ஐக் கூட்டினால் 25. இரண்டைவிடப் பெரிய n எதற்கும் கிடைக்காது என்பது 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொல்லிவிட்டுப் போனது. நான்காம் அடுக்குக்கு ஃபெர்மாவும் மூன்றாம் அடுக்குக்கு ஆய்லரும் வழி கண்டார்கள். இப்படி ஒவ்வோர் அடுக்காக எடுத்துக்கொண்டால் முடிவே இராது. பல அடுக்குகளை ஒரே முறையில் வளைக்க ஒரு வழி வகுத்த முதல் மனிதர் சோஃபி ஜெர்மேன்.

அந்த வழியின் மையத்தை ஐந்தாம் அடுக்கை வைத்துப் பார்க்கலாம். ஐந்தை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் 11. அதுவும் பகா எண். இப்போது எந்த முழு எண்ணை வேண்டுமானாலும் எடுத்து, அதன் ஐந்தாம் அடுக்கை 11ஆல் வகுத்துப் பாருங்கள். 2இன் ஐந்தாம் அடுக்கு 32, மீதி 10. 3இன் ஐந்தாம் அடுக்கு 243, மீதி 1. 4இன் ஐந்தாம் அடுக்கு 1024, மீதி 1. 6இன் ஐந்தாம் அடுக்கு 7776, மீதி 10. எடுத்துக்கொண்ட எண் 11இன் மடங்காக இருந்தால் மீதி 0. எந்த எண்ணை எடுத்தாலும் 0, 1, 10 என்ற இந்த மூன்றைத் தவிர வேறு மீதி வராது. இனி, 11ஆல் வகுபடாத இரண்டு எண்களின் ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டினால் மீதி என்னவாகும்? ஒன்றும் ஒன்றும் இரண்டு. ஒன்றும் பத்தும் பதினொன்று, அதாவது 0. பத்தும் பத்தும் இருபது, அதாவது 9. கூட்டுத்தொகையும் ஓர் எண்ணின் ஐந்தாம் அடுக்காக இருக்க வேண்டுமென்றால் 2, 9 ஆகிய மீதிகளுக்கு இடமில்லை. எஞ்சுவது 0 மட்டுமே. ஆகவே அந்த மூன்று எண்களுள் ஏதேனும் ஒன்று 11ஆல் வகுபட்டே ஆக வேண்டும்.

இதிலிருந்து அவர் அடுத்த படிக்குப் போனார். ஓர் அடுக்கு p என்ற ஒற்றைப் பகா எண்ணாக இருக்கட்டும். 11 நமக்கு உதவியதைப் போல உதவும் ஒரு துணைப் பகா எண் அதற்குக் கிடைக்க வேண்டும். அதாவது, p அடுக்குகள் தரும் மீதிகளுள் பூச்சியம் தவிர்த்த அடுத்தடுத்த இரண்டு எண்கள் இருக்கக் கூடாது, p என்ற எண்ணும் அந்த மீதிகளுள் ஒன்றாக இருக்கக் கூடாது. அப்படி ஒரு துணை எண் இருந்தால், ஃபெர்மாவின் சமன்பாட்டுக்குத் தீர்வு எது இருந்தாலும் அதில் உள்ள மூன்று எண்களுள் ஒன்று pஆல் வகுபட வேண்டும். இதுவே சோஃபி ஜெர்மேன் தேற்றம். மூன்று எண்களும் pஆல் வகுபடாத நிலையைக் கணித அறிஞர்கள் "முதல் வகை" என்று அழைக்கிறார்கள். 100க்குக் கீழே உள்ள எல்லா ஒற்றைப் பகா எண்களுக்கும் துணை எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்து, முதல் வகையில் தீர்வே இல்லை என்பதை அவர் ஒருவராகவே நிறுவினார். கணிப்பொறி இல்லாத காலத்தில், தனியறையில், கையால் போட்ட கணக்குகள் இவை.

இந்தத் தேற்றத்தை அவர் தம் பெயரில் வெளியிடவில்லை. கணித அறிஞர் லெஜாந்தர் தம் கட்டுரை ஒன்றில் அதைச் சேர்த்து, அடிக்குறிப்பில் சோஃபியின் பெயரைக் குறிப்பிட்டார். அந்த அடிக்குறிப்பில் உள்ளதுதான் அவருடைய பங்களிப்பு முழுவதும் என்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உலகம் எண்ணியிருந்தது. பாரிசின் தேசிய நூலகத்தில் உள்ள அவருடைய கையெழுத்துப் பிரதிகளை லாபன்பாக்கர், பெங்கெல்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பொறுமையாகப் படித்து 2010இல் வெளியிட்ட பிறகே உண்மையான அளவு தெரிந்தது. 1819 மே 12ஆம் நாள் காஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்திலும் அந்தத் திட்டம் விரிவாக இருக்கிறது. ஓர் அடுக்குக்கு எண்ணற்ற துணைப் பகா எண்கள் கிடைத்தால், அவை ஒவ்வொன்றும் அந்த மூன்று எண்களுள் ஏதேனும் ஒன்றை வகுக்க வேண்டும். எந்த எண்ணுக்கும் வகு எண்கள் ஓர் அளவுக்கு உட்பட்டவையே. ஆகவே தீர்வு இருக்கவே முடியாது, தேற்றம் முழுவதும் நிறுவப்பட்டுவிடும் என்பது அவர் போட்ட கணக்கு.

அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. மூன்றாம் அடுக்குக்கு 7, 13 ஆகிய இரண்டு துணை எண்களே உண்டு, எண்ணற்றவை இல்லை என்பதை அவரே கண்டறிந்து லெஜாந்தருக்கு எழுதினார். எல்லா அடுக்குகளுக்கும் இதே நிலைதான் என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிக்சன் நிறுவினார். தம் கனவுத் திட்டத்தின் ஓட்டையைத் தாமே கண்டுபிடித்துத் தாமே எழுதித் தெரிவித்த அந்த நேர்மை என்னை மிகவும் ஈர்க்கிறது. காஸிடமிருந்து அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்ததாகச் சான்று இல்லை. தேற்றத்தின் முழு நிறுவல் ஆண்ட்ரூ வைல்ஸ் வழியாக 1995இல், முற்றிலும் வேறு பாதையில் வந்தது. ஆனால் முதல் வகையைப் பொறுத்தவரை சோஃபியின் பாதை அதற்கு முன்பு வரை உயிரோடுதான் இருந்தது; 1985இல் ஏடில்மன், ஹீத்-பிரவுன், ஃபூவ்ரி ஆகியோர் அவருடைய முறையை விரிவுபடுத்தி, எண்ணற்ற பகா அடுக்குகளுக்கு முதல் வகை உண்மை என்று காட்டினார்கள்.

கேள்வி: வாழும் காலத்தில் அவருக்கு உரிய மரியாதை கிடைத்ததா? (வாசகி, சென்னை)

பதில்: ஓரளவு. ஃபூரியே கழகத்தின் செயலாளரான பிறகு, அவருடைய முயற்சியால் அறிவியல் கழகத்தின் கூட்டங்களில் அமர்ந்து கேட்கும் உரிமை சோஃபிக்குக் கிடைத்தது. உறுப்பினரின் மனைவி என்ற தகுதியால் அன்றி, தம் சொந்தத் தகுதியால் அப்படி அமர்ந்த முதல் பெண் அவரே. பட்டமும் பதவியும் கடைசிவரை இல்லை. 1829இல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் உழைப்பை நிறுத்தவில்லை. பரப்புகளின் வளைவைப் பற்றிய அவருடைய கட்டுரை 1831இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் 27ஆம் நாள், 55ஆம் வயதில் காலமானார். இறப்புப் பதிவில் தொழில் என்ற இடத்தில், சொத்து வருமானத்தில் வாழ்ந்தவர் என்றுதான் எழுதப்பட்டது. 1889இல் ஈஃபில் கோபுரம் எழுந்தபோது அதில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர்களின் பெயர்களில், உலோகம் வளைந்தபின் பழைய நிலைக்குத் திரும்பும் மீட்சித் தன்மையைப் பற்றி அத்தனை ஆண்டுகள் உழைத்த அவருடைய பெயர் இல்லை. 72 பேரும் ஆண்கள்.

கேள்வி: அவர் பெயரில் உள்ள பகா எண்களால் இன்று ஏதாவது பயன் உண்டா? (மென்பொருள் துறை ஊழியர், பெங்களூரு)

பதில்: உண்டு. இணையத்தில் இரகசியத் திறவுகோலைப் பரிமாறிக்கொள்ளும் முறைகளில் மிகப் பெரிய பகா எண் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அதிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் கிடைப்பதும் பகா எண்ணாக இருந்தால், மறைக்குறியை உடைக்கும் சில குறுக்குவழிகள் பலிப்பதில்லை. அந்தப் பாதிதான் சோஃபி ஜெர்மேன் பகா எண். ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகவும் உறுதியாகவும் கண்டறியும் வழிமுறையை 2002இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகிய மூவர் உலகுக்குத் தந்தார்கள். சோஃபி ஜெர்மேன் பகா எண்கள் எதிர்பார்க்கப்படும் அளவுக்குச் செறிவாக இருந்தால் தங்கள் வழிமுறை இன்னும் விரைவாக முடியும் என்பதையும் அவர்கள் அதில் காட்டியிருக்கிறார்கள். இந்த எண்கள் எண்ணற்றவையா என்பது மட்டும் இன்றுவரை நிறுவப்படவில்லை.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் நான் அவருடைய கணிதத்தைத் தொட்டுப் பார்க்க ஏதாவது வழி உண்டா? (மாணவர், திருநெல்வேலி)

பதில்: இன்றைக்கே தொடங்கலாம். மேலே ஐந்தாம் அடுக்குக்குச் செய்ததை ஏழாம் அடுக்குக்குச் செய்து பாருங்கள். 7ஐ இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் 15 வரும்; அது பகா எண் அன்று. ஆகவே நான்கு மடங்காக்கி ஒன்றைக் கூட்டி 29ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 28 வரை உள்ள எண்களின் ஏழாம் அடுக்குகளை 29ஆல் வகுத்து மீதிகளை எழுதுங்கள். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் 29ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண்கள் பெரிதாகாமல் இருக்கும். நான்கே நான்கு மீதிகள்தாம் கிடைக்கும். அவற்றுள் அடுத்தடுத்த எண்கள் உண்டா, 7 அவற்றில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்து, விடையைப் படிகளோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எங்கேனும் தவறியிருந்தால் எந்தப் படியில் தவறியது என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறோம்.